‘அதை நான் அப்பவே செஞ்சுட்டேன்!’

எறும்புக்கு பிராந்தி வாங்கிக் கொடுத்த விஞ்ஞானியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். பிளஸ் ஒன் பிசிக்ஸ் லேபில் ஒரு ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு, எடைக்கல்லை மாட்டி, ‘ஹூக் விதியைக் கூறுக’ என்று இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த ஹூக்தான் இவர். ஸ்பிரிங் விஷயம் சரி. எறும்பு விஷயத்தை மறைத்துவிட்டார்கள்!

நடந்தது இதுதான். 1660-களில் ராபர்ட் ஹூக் ஒரு மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு எறும்பைப் படம் வரைய உட்கார்ந்தார். எறும்பு போஸ் கொடுக்கத் தயாரில்லை. கொன்றுவிட்டு வரையலாமென்றால் உடம்பு சுருங்கிப்போகிறது. காலை ஒட்டி நிறுத்தினால் உடம்பை முறுக்கித் திமிறுகிறது. யோசித்துப் பார்த்த மனிதர், அதைப் பிடித்து பிராந்தியில் போட்டார். வாயிலிருந்து குமிழி குமிழியாக வந்தது, ஆள் ஃபிளாட். வெளியே எடுத்து வைத்து, மட்டையாகிக் கிடந்த மாடலை சாவகாசமாக வரைந்தார். ஒரு மணி நேரம் கழித்து எறும்பு சட்டென்று எழுந்தது. எதுவுமே நடக்காத மாதிரி நடையைக் கட்டியது. லண்டன் குடிமகன்கள் பலருக்கு அந்த நிதானம் வராது.

இந்தக் கூத்தை ஹூக் வெட்கப்படாமல் தன் புத்தகத்திலேயே எழுதி வைத்தார். 1665-ல் வெளிவந்த ‘மைக்ரோகிராஃபியா’ என்ற அந்தப் புத்தகத்தில் கடவுள், பிரபஞ்சம் என்று பெரிய இடத்து விஷயங்களில் ஆரம்பிப்பார் என்று நினைத்தால், முதலில் வருவது ஊசிமுனை! அடுத்து சவரக்கத்தியின் ஓரம். துணியின் இழை, தோல் அட்டையில் பூத்த பூஞ்சணம், வினிகரில் நெளியும் புழு, சிறுநீரில் படியும் கல் என்று வீட்டில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் லென்ஸுக்கு அடியில் தள்ளினார். அச்சடித்த புத்தகத்தின் முற்றுப்புள்ளியைக்கூட விடவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் அது லண்டன் தெருச் சேறு தெறித்த மாதிரி இருந்ததாம். தன் புத்தகத்தை அச்சடிக்கப்போகிறவர்களைப் பற்றி ஒரு எழுத்தாளர் இப்படிச் சொல்லலாமா?

பேனுக்குக் கிடைத்த கவனிப்பு இன்னும் விசேஷம். இரண்டு மூன்று நாள் பெட்டியில் பட்டினி போட்டுவிட்டு, தன் கையிலேயே ஏறவிட்டு, அது ரத்தம் குடிப்பதை லென்ஸ் வழியாக வேடிக்கை பார்த்தார். தெள்ளுப்பூச்சியின் படம் ஒன்றரை அடி நீளத்துக்கு மடித்து வைத்த தாளாக விரியும். அந்தக் காலத்தில் லண்டன்வாசிகள் எல்லோருக்கும் தெள்ளுப்பூச்சியோடு நெருங்கிய பழக்கம் உண்டு. ஆனால் தன்னைக் கடிக்கிற ஆள் கவசம் போட்ட போர்வீரன் மாதிரி இருப்பான் என்று யாருக்கும் தெரியாது. கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் அந்தப் புத்தகத்தை ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்து படித்தார். மறுநாள் ஆபீஸில் எப்படி வேலை பார்த்தாரோ!

பின்னால் ஒருநாள் இதே பீப்ஸ் ஹூக்கைத் தெருவில் சந்தித்தார். ஈ பறக்கும்போது ‘ங்ங்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அது சங்கீதத்தில் என்ன ஸ்வரம் என்று கண்டுபிடித்துவிட்டால் போதும், இறக்கை எத்தனை முறை அடிக்கிறது என்று கணக்குச் சொல்லிவிடலாம் என்றாராம் ஹூக். யோசித்துப் பாருங்கள், அற்புதமான ஐடியா. ஸ்டாப்வாட்ச் கிடையாது, கேமரா கிடையாது, கையில் ஒரு பைசா செலவு கிடையாது. காது மட்டும் சுத்தமாக இருக்கவேண்டும். பீப்ஸ் இதை டயரியில் எழுதிக்கொண்டார். கொஞ்சம் ஓவர் என்று நினைத்துக்கொண்டார் என்பதும் அதில் தெரிகிறது.

ஆள் பார்ப்பதற்கு எப்படி? சுமார் ரகம்கூட இல்லை. ஒடிசல், வெளிறிய முகம், துருத்திய கண், வளைந்த முதுகு. பதினாறு வயது வரை நிமிர்ந்துதான் இருந்தாராம். கடைசல் எந்திரத்தின் மேல் குனிந்து குனிந்தே முதுகு இப்படி ஆகிவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்று செல்போனைக் குனிந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்று டாக்டரிடம் போகிறவர்களின் மூதாதையர் இவர்தான்.

1635-ல் வைட் தீவில் ஒரு பாதிரியாருக்குப் பிறந்தவர். சின்ன வயதில் யாரோ ஒரு பித்தளைக் கடிகாரத்தைப் பிரித்துப்போட்டதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி மரத்திலேயே ஒன்று செய்தார். அது ஓடவும் ஓடியது! அடுத்து, மிதக்கிற பொம்மைக் கப்பல், அதில் வெடிக்கிற பீரங்கி. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பது வரலாற்றில் இல்லை. என்ன சொல்லியிருப்பார்கள் என்பது நமக்குத் தெரியும்.

அப்பா இறந்ததும் லண்டனுக்கு வந்து, பீட்டர் லீலி என்ற பிரபல ஓவியரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். பெயிண்ட் வாசனை தலைவலி கொடுத்தது. அதோடு, ‘இதை நானே செய்துகொள்ள மாட்டேனா, எதற்குக் காசை இவரிடம் கொடுக்கவேண்டும்?’ என்ற எண்ணமும் வந்தது. உலகத்தின் எல்லா டூ-இட்-யுவர்செல்ஃப் பேர்வழிகளும் வாழ்க்கையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிற வாக்கியம். பலருக்கு வீட்டில் ஃபியூஸ் போவது இதற்கு மறுநாள்தான்.

பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி. அவரது நண்பர் ஜான் ஆப்ரி சொல்வதை நம்பினால், யூக்ளிடின் ஆறு புத்தகங்களை ஒரே வாரத்தில் முடித்தார், ஆர்கன் வாசிக்கக் கற்றார், மனிதன் பறப்பதற்கு முப்பது வழிகளைக் கண்டுபிடித்தார். முப்பது! ஒரு வழி உருப்படியாக இருந்திருந்தால் மீதி இருபத்தொன்பதுக்கு என்ன அவசியம் என்று நீங்களும் நானும் கேட்போம். ஹூக்கின் வாழ்க்கை முழுவதற்குமான சாவி அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் பாயில் என்ற பெரும் பணக்காரருக்கு உதவியாளராகப் போனார். காற்றை உறிஞ்சி எடுக்கிற பம்ப் ஒன்றை பாயில் செய்யச் சொல்ல, லண்டனில் பெரிய பெரிய கைவினைஞர்கள் தடுமாறிய வேலையை இவர் முடித்துக் காட்டினார். அந்தப் பம்ப்பை வைத்துக்கொண்டுதான் பாயில் காற்றின் ‘ஸ்பிரிங்’ பற்றி ஊரெல்லாம் பேசினார். பம்ப் ஹூக் செய்தது. பாடப்புத்தகத்தில் இருப்பது ‘பாயில் விதி’. இந்த மாதிரி ஏற்பாடுகள் ஹூக்குக்குப் பின்னால் பழகிப்போயின. மனசு மட்டும் கடைசி வரை பழகவில்லை.

1662-ல் அவருக்கு வேலை கிடைத்தது. ராயல் சொசைட்டி என்று லண்டனில் கனவான்கள் சிலர் புதிதாக ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். வாராவாரம் கூடுவார்கள், இயற்கையின் ரகசியங்களைப் பேசுவார்கள். பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே? ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று நான்கு புதிய சோதனைகளைத் தயார்செய்து காட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு ஹூக்கை நியமித்தார்கள். வாரம் மூன்று கண்டுபிடிப்பு! யூடியூப் சானல் நடத்துகிறவர்களுக்கு இந்த வலி புரியும். அவர்களுக்காவது விளம்பரக் காசு வரும். ஹூக்குக்கு முதலில் சம்பளமே இல்லை.

பிறகு வருஷத்துக்கு 80 பவுண்டு தருகிறோம் என்றார்கள். அந்த நேரம் பார்த்து சர் ஜான் கட்லர் என்ற பெரிய மனிதர், ‘ஹூக் சொற்பொழிவு நடத்தட்டும், நான் வருஷம் 50 பவுண்டு தருகிறேன்’ என்று முன்வந்தார். சங்கத்தார் கணக்கில் புலி. ‘அவர் ஐம்பது தருகிறார் அல்லவா? அப்படியானால் நாங்கள் முப்பது தந்தால் போதும்’ என்றார்கள். கட்லர் ஒழுங்காகத் தந்தாரா? கைதட்டல் வாங்கிக்கொண்டதில் மட்டும் குறைவில்லை. ஹூக் கோர்ட்டுக்குப் போனார். கட்லர் 1693-ல் கண்ணை மூடினார். தீர்ப்பு ஹூக்கின் பக்கம் வந்தது 1696 ஜூலை 18 அன்று. அன்றைக்கு அவருக்கு 61-வது பிறந்தநாள். கடவுள் கொடுத்த கிஃப்ட் என்றால் இதுதான், டெலிவரிதான் கொஞ்சம் லேட்.

இந்தச் சம்பளத்துக்கு மனிதர் என்னவெல்லாம் செய்தார்! 1671-ல் ஆள் உட்காருகிற அளவுக்குப் பெரிய பீப்பாய் ஒன்றைச் செய்து, அதை இன்னொரு பீப்பாய்க்குள் வைத்து, இடையில் தண்ணீர் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று பார்க்கத் திட்டம். சங்கத்தின் மாண்புமிகு உறுப்பினர்கள் எல்லோரும் ஆவலாக இருந்தார்கள். உள்ளே போக மட்டும் யாருக்கும் அன்று சௌகரியப்படவில்லை. ஹூக்கே ஏறி உட்கார்ந்தார். காது வலித்தது என்று வெளியே வந்து ரிப்போர்ட் கொடுத்தார். மிக்க பயனுள்ள சோதனை என்று உறுப்பினர்கள் மகிழ்ந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே 1666-ல் லண்டன் எரிந்தது. எரிந்த நகரத்தை அளந்து, யார் மனை எதுவரை என்று முளையடித்துக் கொடுக்கிற சர்வேயர்களில் ஹூக் முக்கியமானவர். நண்பர் கிறிஸ்டோபர் ரென்னோடு சேர்ந்து கட்டடங்கள் எழுப்பினார். அதில் ஒன்று, தீ விபத்தின் நினைவாக நின்றுகொண்டிருக்கும் ‘மானுமென்ட்’ என்ற தூண். 202 அடி உயரம், உள்ளே 311 படிகள், உச்சியில் தங்கப் பூச்சு பூசிய தீக்கலசம். அண்ணாந்து பார்க்கிற சுற்றுலாப் பயணிகள் உருக்கமாகிவிடுவார்கள். அவர்களுக்குத் தெரியாத விஷயம், நடுவில் ஓடுகிற வெற்றுக் குழாய் மொத்தமும் ஹூக்கின் டெலஸ்கோப்!

உச்சிக் கலசத்தில் ஒரு திறப்பு, கீழே நிலவறையில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு அறை. நட்சத்திரம் நேர் மேலே கடக்கும்போது, அது இம்மியளவு இடம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டால், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நிரூபித்துவிடலாம் என்பது திட்டம். ஏற்கனவே இதற்காகத் தன் வீட்டுக் கூரையில் ஓட்டை போட்டு, 36 அடி டெலஸ்கோப்பை நட்டுவைத்து, நான்கே நான்கு முறை பார்த்துவிட்டு ‘கண்டுபிடித்தாயிற்று’ என்று அறிவித்தவர் (கண்டுபிடிக்கவில்லை). கூரை மழையில் ஒழுகியதோ என்னவோ, இந்த முறை நகரத்தின் நினைவுச்சின்னத்திலேயே கை வைத்தார். பொதுப்பணத்தில் சொந்த லேப் கட்டிக்கொண்ட சாமர்த்தியத்துக்குத் தலைவணங்கலாம். ஆனால் பக்கத்துச் சாலையில் வண்டிகள் போகிற அதிர்ச்சியில் தூண் நடுங்கியது. நட்சத்திரம் அசைகிறதா என்று பார்க்கப்போனால் டெலஸ்கோப் அசைந்தது.

மனிதர் சோர்ந்துவிடவில்லை. இத்தனை படி இருக்கிறதே என்று பாரோமீட்டரைத் தூக்கிக்கொண்டு ஏறி, உயரத்துக்குத் தக்கபடி காற்றழுத்தம் குறைவதை அளக்க ஆரம்பித்தார். மழையை அளக்கும் கருவி, காட்டு ஓட்ஸ் கதிரின் முள் ஈரத்தில் முறுக்கிக்கொள்வதை வைத்து ஈரப்பதம் காட்டும் டயல், இழுத்துக் கட்டிய கம்பி வழியே தூரத்துக்குக் குரல் அனுப்பும் ஏற்பாடு என்று எதைத் தொட்டாலும் அதில் ஒரு ஹூக். தீப்பெட்டியில் நூல் கட்டி டெலிபோன் விளையாடியிருக்கிறீர்களே, அதன் பெரியப்பாவை 1665-லேயே எழுதி வைத்திருக்கிறார். லாரிக்கு அடியில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டில் இருக்கிற யுனிவர்சல் ஜாயின்ட்டுக்கு மேலைநாட்டில் ‘ஹூக் ஜாயின்ட்’ என்றும் பெயர். வானத்தைப் பார்க்கிற கருவிக்காக அவர் வர்ணித்தது, கடைசியில் கிரீஸ் அப்பிக்கொண்டு நெடுஞ்சாலையில் சுற்றுகிறது.

இவ்வளவு செய்த ஆளுக்கு ஒரே ஒரு வியாதி. யார் எதைக் கண்டுபிடித்தாலும், ‘அதை நான் அப்பவே செஞ்சுட்டேன்’ என்பார். எல்லா ஊரிலும் இப்படி ஒரு அண்ணாச்சி உண்டு. கேட்டால் சிரிப்பு வரும். ஹூக் விஷயத்தில் ஒரு சின்னச் சிக்கல். பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் அவர் நிஜமாகவே அப்பவே செய்திருந்தார்!

செய்ததை வெளியே சொல்லமாட்டார், அதுதான் பிரச்சினை. யாராவது திருடிவிடுவார்களாம். சொல்லாமலும் இருக்க முடியாது, யாராவது முந்திவிடுவார்களாம். ஆகவே 1676-ல் ஒரு புத்தகத்தின் கடைசியில் இப்படி ஒரு அறிவிப்பு விட்டார்: சி, ஈ, ஐ, ஐ, ஐ, என், ஓ, எஸ், எஸ், எஸ், டி, டி, யு, வி. அவ்வளவுதான். பாஸ்வேர்ட் போட்ட ஜிப் ஃபைலை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, பாஸ்வேர்டைப் பிறகு சொல்கிறேன் என்கிற கதை. இரண்டு வருஷம் கழித்து அவரே எழுத்துகளை லத்தீனில் அடுக்கிக் காட்டினார்: எவ்வளவு இழுப்போ, அவ்வளவு விசை. நம் இரண்டு மார்க் கேள்வி பிறந்த கதை இதுதான்.

அதே இடத்தில் இன்னொரு புதிரும் இருந்தது. அதன் விடையைச் சொல்லவே மறந்துவிட்டு இறந்துபோனார். பிறகு அவருடைய காகிதங்களைத் துழாவி எடுத்தார்கள்: ஒரு சங்கிலி தொங்கும்போது எந்த வடிவத்தில் தொங்குகிறதோ, அதைத் தலைகீழாக்கினால் உறுதியான ஆர்ச் கிடைக்கும். லண்டன் செயின்ட் பால் தேவாலயக் கட்டுமானத்தில் ரென்னுக்குக் கைகொடுத்த யோசனை. உலகத்துக்குச் சொல்லவில்லை, நண்பர் காதில் போட்டுவிட்டார். காபிக்கடை நட்பு என்றால் சும்மாவா!

1675 ஆரம்பத்தில் பூகம்பம் வந்தது. ஹாலந்துக்காரரான கிறிஸ்டியான் ஹைகன்ஸ், பாலன்ஸ் சக்கரத்தில் மெல்லிய சுருள் ஸ்பிரிங் வைத்த கடிகாரத்தைச் செய்துவிட்டதாக அறிவித்தார். ஹூக் கொதித்தார். ‘அதை நான் பதினைந்து வருஷத்துக்கு முன்பே செய்துவிட்டேன்!’ உண்மையில் அந்தக் காலத்திலேயே பேட்டன்ட் வாங்க ஒரு பார்ட்னர்ஷிப் பேசியிருக்கிறார்கள். பிற்பாடு யாராவது அதை மேம்படுத்தினால் லாபம் அவர்களுக்குப் போகும் என்று ஒரு ஷரத்து இருந்தது. ஹூக் முறைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எழுந்தவர் அந்தக் கடிகாரத்தையாவது முடித்திருக்கலாம்!

ரகசியத்தை யார் கடத்தியிருப்பார்கள்? ஹூக்குக்குச் சந்தேகமே இல்லை: சங்கத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க். வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குக் கடிதம் எழுதுவதுதான் அவர் வேலை. ‘உளவாளி’ என்று ஹூக் அச்சிலேயே சாத்தினார். பாவம் ஓல்டன்பர்க், அதிகப்படியாக வெளிநாட்டுக் கடிதம் எழுதிய குற்றத்துக்காக 1667-ல் ஏற்கனவே ஒருமுறை லண்டன் டவர் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். அவருக்கு இந்தக் குற்றச்சாட்டு புதிதல்ல, இந்த முறை சாப்பாடு மட்டும் வீட்டில்.

ஹூக் இப்போது தாமஸ் டாம்பியன் என்ற கடிகாரக் கலைஞரைப் பிடித்து, ராஜா இரண்டாம் சார்லஸுக்கு அவசர அவசரமாக ஒரு கடிகாரம் செய்தார். அதில் ஹூக் கண்டுபிடித்தது 1658, டாம்பியன் செய்தது 1675 என்று பொறிப்பு. கண்டுபிடிப்புக்கும் பொருளுக்கும் இடையில் பதினேழு வருஷ இடைவெளியைத் தானே ஒப்புக்கொண்டு உலோகத்தில் வெட்டிவைத்தவர் வேறு யாராவது உண்டா? டாம்பியன் வேகம் போதவில்லை என்று டயரியில் அவரைச் சோம்பேறி, நாய் என்றெல்லாம் வசவு. இனி அவன் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று ஒரு சபதம். அதே டாம்பியனோடு அடுத்த வருஷம் நாடகம் பார்க்கப் போனார்.

போயிருக்கவேண்டாம். நாடகத்தின் பெயர் ‘தி வெர்ச்சுவோசோ’, எழுதியவர் தாமஸ் ஷேட்வெல். அதில் சர் நிக்கோலஸ் கிம்கிராக் என்று ஒரு விஞ்ஞானப் பைத்தியம். தண்ணீர்த் தொட்டியில் ஒரு தவளையை விட்டு, அதைப் பார்த்துப் பார்த்து மேஜை மேல் குப்புறப் படுத்துக்கொண்டு நீச்சல் பழகுவார். தண்ணீரில் இறங்குவீர்களா என்று கேட்டால், தியரி போதும் என்பார். அழுகிய பன்றித்தொடையின் மினுமினுப்பில் பைபிள் படிப்பார். வினிகர்ப் புழுவைப் பார்க்க மைக்ராஸ்கோப்புகளில் பணத்தைக் கொட்டியிருப்பார். அரங்கமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. வினிகர்ப் புழுவை வரைந்தவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் தன்னைக் கை நீட்டிக் காட்டாத குறை என்று டயரியில் குமுறி, கடவுளிடம் நியாயம் கேட்டிருக்கிறார்.

ஷேட்வெல்லுக்கு அந்த டயரி கிடைத்திருந்தால் இரண்டாம் பாகம் எழுதியிருப்பார்! இன்று மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு தூக்கத்தையும் துடிப்பையும் எண்ணுகிற ஆட்கள் இருக்கிறார்களே, ஹூக் அதை இறகுப்பேனாவால் செய்தவர். என்ன வானிலை, யாரோடு எந்தக் காபிக்கடை, என்ன மருந்து, வயிறு என்ன சொன்னது, தூக்கம் வந்ததா, எல்லாம் பதிவாகியிருக்கிறது. பேதி மருந்து, வாந்தி மருந்து, இரும்புச் சாறு, அபின் கலந்த தைலம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் நவச்சாரத்தைச் சாப்பிட்டார். ஆமாம், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பையில் இருக்குமே, அதே நவச்சாரம். உடம்பு தேவலை போலிருந்தது. உடனே மருத்துவத்தில் மாபெரும் கண்டுபிடிப்பு என்று எழுதிவிட்டார். இதையும் யாராவது திருடியிருந்தால் அவருக்கு நல்லது.

நம் பக்கத்து வாசனையும் இவர் வாழ்க்கையில் உண்டு. ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1660-ல் திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் இறங்கி, கண்டி ராஜாவிடம் மாட்டிக்கொண்டார். பத்தொன்பது வருஷம்! தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்கு விட்டும் பிழைத்து, கடைசியில் அநுராதபுரம் வழியாகக் காட்டுக்குள் நடந்து, மன்னாருக்குப் பக்கத்தில் அரிப்பு டச்சுக் கோட்டைக்குத் தப்பி வந்தார். லண்டன் திரும்பியவரைக் கப்பென்று பிடித்துக்கொண்டது ஹூக். நாக்ஸ் எழுதிய இலங்கை வரலாறு 1681-ல் வெளிவந்தபோது முன்னுரை எழுதியவர் இவர்தான். வேறு யாரும் முந்துவதற்குள் வெளிவந்த அபூர்வமான ஹூக் ப்ராஜெக்ட், எழுதியது வேறொருவர் என்பதால்.

அந்த நாக்ஸ் காபிக்கடையில் ஹூக்கிடம் ஒரு மூலிகையைப் பற்றிச் சொன்னார். 1689 டிசம்பரில் ஹூக் அதை ராயல் சொசைட்டியில் ஒரு சொற்பொழிவாகவே ஆற்றிவிட்டார். இதைச் சாப்பிட்டவர் என்ன பேசுகிறார் என்று அவருக்கே தெரியாது, சிரிப்பார், பாடுவார், பிறகு நன்றாகத் தூங்கி எழுந்து, அகோரப் பசியோடு சாப்பிடுவார் என்று அறிகுறிகளை வரிசையாக விளக்கினார். இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆம், அதேதான்; சாட்சாத் கஞ்சா. இங்கிலாந்தின் தலைசிறந்த மூளைகள் அத்தனையும் பொடிவைத்த விக்குடன் உட்கார்ந்து மிக சீரியஸாகக் குறிப்பெடுத்துக்கொண்டன.

சரி, நியூட்டனுக்கு வருவோம். வராமல் முடியாது, ஹூக்குக்கே முடியவில்லை. 1672-ல் இளைஞர் நியூட்டன் ஒளியைப் பற்றி எழுதி அனுப்பிய கட்டுரைக்கு, ‘இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், தியரியை நம்பமாட்டேன்’ என்கிற ரகத்தில் ஹூக் மதிப்புரை எழுதினார். நியூட்டன் அதை மறக்கவில்லை. நியூட்டன் எதையுமே மறக்காதவர். ராட்சதர்களின் தோள்மேல் நின்றதாக நியூட்டன் எழுதிய புகழ்பெற்ற வாக்கியம்கூட ஹூக்குக்கு எழுதிய கடிதத்தில்தான் வருகிறது. அது கூன் முதுகுக் குள்ளரைக் குத்திக்காட்டிய கிண்டல் என்று ரசித்துச் சொல்வார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. கடிதம் முழுக்க இருவரும் ஒருவரை ஒருவர் தாங்கு தாங்கு என்று தாங்குகிறார்கள். மரியாதை அந்த அளவுக்குப் போனாலே விஷயம் சரியில்லை என்று அர்த்தம்.

1679-ல் ஹூக் மறுபடி கடிதம் எழுத, நியூட்டன் பதிலில் ஒரு படம் போட்டார்: மேலிருந்து விழும் பொருள் பூமிக்குள்ளும் போகமுடிந்தால் சுருண்டு சுருண்டு மையத்துக்குப் போகும் என்று. தப்பு! ஹூக்குக்கு உள்ளம் குளிர்ந்தது. தனிக்கடிதத்தில் திருத்தியிருக்கலாம். அவர் அதை சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்து, அங்கேயே திருத்தினார். ‘ரிப்ளை ஆல்’ பட்டனை உலகிலேயே முதன்முதலில் அழுத்தியவர்.

1684 ஜனவரியில் ஹூக், ரென், எட்மண்ட் ஹாலி மூவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சூரியனின் ஈர்ப்பு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைந்தால், கிரகங்களின் பாதையை அதிலிருந்து நிரூபிக்க முடியுமா? ‘என்னிடம் நிரூபணம் இருக்கிறது, இப்போது காட்டமாட்டேன். மற்றவர்கள் முயன்று தோற்றால்தான் அருமை தெரியும்’ என்றார் ஹூக். ரென் சிரித்திருக்கவேண்டும். இரண்டு மாதத்துக்குள் யார் கொண்டுவந்தாலும் 40 ஷில்லிங் பெறுமான புத்தகம் பரிசு என்றார். ஹூக் கொண்டுவரவில்லை. ஆகஸ்டில் ஹாலி கேம்பிரிட்ஜ் போய் நியூட்டனைக் கேட்டார். ‘ஓ, அதை எப்போதோ போட்டுப் பார்த்துவிட்டேனே, காகிதம் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை’ என்றார் அவர். கவனித்தீர்களா? இரண்டு மேதைகளின் பதிலும் ஹோம்வொர்க் செய்யாத பையனின் பதில். ஒரே வித்தியாசம், நியூட்டன் நவம்பரிலேயே எழுதி அனுப்பிவிட்டார்.

அது வளர்ந்து ‘பிரின்சிப்பியா’ ஆனது. ஐடியாவில் என் பங்கைச் சொல்லுங்கள் என்று ஹூக் கேட்டார். நியூட்டன் கோபத்தில் மூன்றாம் பாகத்தையே நிறுத்தப் பார்த்தார். பிறகு ஹூக்கின் பெயர் வந்த இடங்களில் பேனாவை எடுத்து அடித்துக்கொண்டே போனார். புத்தகத்தை வெளியிட ராயல் சொசைட்டியிடம் பணம் இல்லை. ஏன்? 1686-ல் ‘மீன்களின் வரலாறு’ என்ற பிரமாண்டப் படப்புத்தகத்தில் காசைக் கொட்டிவிட்டார்கள். அது விற்கவே இல்லை. ஹாலி கைக்காசு போட்டு 1687-ல் நியூட்டனை அச்சேற்றினார். நன்றியறிதலாக ஹாலியின் சம்பளத்துக்குப் பதில் 50 பிரதி மீன் புத்தகம் கொடுத்தார்கள்! ஹூக்கின் சம்பள பாக்கிக்கும் அதே மீனை நீட்டினார்கள். ஏற்பதா வேண்டாமா என்று யோசிக்க ஆறு மாதம் அவகாசம் கேட்டார் ஹூக். அவர் வாழ்க்கையில் எடுத்த மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று.

1703 மார்ச்சில், கிரெஷாம் கல்லூரி அறையில் ஹூக் இறந்தார். கடைசிக் காலத்தில் தன்மேல் ஒரு காசு செலவழிக்காமல் கந்தலாகக் கிடந்த மனிதரின் அறையில் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. திறந்தால் சுமார் 8,000 பவுண்டு! சர்வே வேலையில் சம்பாதித்தது. முப்பது வருஷமாக அதைத் திறந்ததற்கான அடையாளமே இல்லை. சம்பளத்துக்காகக் கோர்ட் படி ஏறிக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம் அது அங்கேயேதான் இருந்தது.

அதே வருஷம் நியூட்டன் ராயல் சொசைட்டியின் தலைவரானார். அடுத்த வருஷம், அதுவரை கையில் வைத்திருந்த ஒளியியல் புத்தகத்தை வெளியிட்டார். மதிப்புரை எழுத ஆள் இல்லை என்று உறுதியான பிறகு. 1710-ல் சங்கத்துக்கு வந்த ஒரு ஜெர்மானியப் பயணி ஹூக்கின் ஓவியத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அந்த வருஷம் சங்கம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. ஓவியத்தைக் காணோம். நியூட்டன்தான் தொலைத்தார் என்பார்கள். ஆதாரம் கிடையாது, வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும் எது வேண்டுமானாலும் தொலையும் என்று. 2003-ல் ஒரு வரலாற்றாசிரியர் ஓவியம் கிடைத்துவிட்டது என்று தன் புத்தகத்தின் அட்டையிலேயே போட்டார். பிறகு பார்த்தால் அது வான் ஹெல்மாண்ட் என்ற பெல்ஜியம் பக்கத்து ரசாயனக்காரர்.

2006-ல் ஹாம்ப்ஷயரில் ஒரு வீட்டு அலமாரியிலிருந்து 500 பக்கத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துக் கட்டு வெளியே வந்தது. ஓல்டன்பர்க் இறந்த பிறகு செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்த ஹூக், பழைய கூட்டக் குறிப்புகளையெல்லாம் தோண்டித் தோண்டி, ‘பார், இங்கே என் பெயரை விட்டிருக்கிறான்’ என்று ஓரத்தில் உறுமிக்கொண்டே எடுத்து வைத்த நகல்கள். 1670-லேயே ஹூக்கின் கடிகாரம் சங்கத்தில் பேசப்பட்டதற்கான குறிப்பும் அதில் இருந்தது, ஹைகன்ஸுக்கு ஐந்து வருஷம் முன்னால். ஏலத்துக்குப் போகவிருந்த கடைசி நேரத்தில் ராயல் சொசைட்டி நன்கொடை திரட்டி அதை வாங்கியது. தங்கள் கூட்டத்தின் குறிப்புகளைத் தாங்களே வாங்க அவர்கள் கொடுத்த விலை ஏறத்தாழ பத்து லட்சம் பவுண்டு. மீன் புத்தகமாகத் தரலாமா என்று இந்த முறை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.